ஏர்கோன் வடிகட்டி: எதைக் கழுவலாம், எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். செந்தூலில் பன்னிரண்டாவது மாடியில் வீடு. இரண்டு படுக்கையறைகளிலும் ஒரு ஹெச்பி சுவர் ஏர்கோன். உடனிருக்கும் அம்மாவுக்கு ஆஸ்துமா. தொரொன்டோவில் இருக்கும் தம்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும், அதுவும் மெர்வ் 13 தரத்தில் வாங்க வேண்டும் என்கிறார். சர்வீஸுக்கு வருபவரோ, கெமிக்கல் வாஷ், அதாவது உட்பாகங்களை மருந்து ஊற்றிக் கழுவுவது, செய்யாவிட்டால் எதைச் செய்தும் பயனில்லை என்கிறார். மெர்வ் 13 வடிகட்டி கோலாலம்பூரில் எங்கே கிடைக்கும், அதை அளவுக்கு வெட்டி ஒட்டலாமா, வீட்டிலேயே பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி என்பவை உங்கள் கேள்விகள்.

வெட்டி ஒட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி சொல்வது அவருடைய வீட்டுக்கு முற்றிலும் சரி. கனடாவில் பல வீடுகளில் நிலவறையில் எரிவாயுவில் இயங்கும் வெப்பமூட்டி ஒன்று இருக்கும். அதிலுள்ள வலுவான விசிறி வீட்டுக் காற்று முழுவதையும் தகரக் குழாய்கள் வழியாக இழுத்து, குளிர்காலத்தில் சூடாக்கியும் கோடையில் குளிர்வித்தும் எல்லா அறைகளுக்கும் திருப்பி அனுப்பும். காற்று உள்ளே நுழையும் இடத்தில் அட்டைச் சட்டத்தில் மடிப்பு மடிப்பாக அமைந்த வடிகட்டி ஒன்று செருகப்பட்டிருக்கும். அது கழுவிப் பயன்படுத்தும் பொருள் அன்று. ஓர் அங்குலத் தடிமன் உள்ளதை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்தெறிந்துவிட்டு, வெப்பமூட்டியை நிறுத்திய பிறகு, சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி வெப்பமூட்டியின் பக்கம் பார்க்குமாறு புதியதைச் செருக வேண்டும். மெர்வ் 13 என்ற தரம், 0.3 முதல் 1 மைக்ரோன் வரையிலான துகள்களில் குறைந்தது பாதியையும், அதைவிடப் பெரியவற்றில் பெரும்பகுதியையும் பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. அவ்வளவு அடர்த்தியான தாளின் வழியே காற்றை இழுக்கும் வலு அந்த விசிறிக்கு இருப்பதால்தான் அங்கே அது சாத்தியமாகிறது.

நம் சுவர் ஏர்கோன் வேறு வகை. முன்மூடியைத் தூக்கினால் தெரியும் இரண்டு பிளாஸ்டிக் வலைகளும் உங்கள் நுரையீரலைக் காப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காயிலைக் காப்பதற்காக வைக்கப்பட்டவை. காயில் என்பது செம்புக் குழாய்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதி. ஏர்கோன் இயங்கும்போது அது குளிர்ந்து ஈரமாக இருப்பதால், தூசியும் முடியும் துணிப்பஞ்சும் அங்கே போய்ச் சேர்ந்தால் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெரிய தூசியை வாசலிலேயே நிறுத்துவதுதான் வலையின் வேலை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு அளவே உடையது. கண்ணுக்குத் தெரியும் துளைகள் கொண்ட வலை அதைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

இந்த வலையின் மேல் அடர்த்தியான வடிகட்டித் தாளை வெட்டி ஒட்டினால் நடப்பது இதுதான். சுவர் ஏர்கோனில் இருக்கும் உருளை விசிறி, தடையே இல்லாத பாதையில் நிறையக் காற்றைத் தள்ளுவதற்காக அமைக்கப்பட்டது; தடையை எதிர்த்து இழுக்கும் வலு அதற்கு மிகக் குறைவு. காற்று குறைந்தால் காயிலுக்கு அறையின் வெப்பம் போதிய அளவு வந்து சேராது. காயிலின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இறங்கி, அதன் மேல் படியும் நீர் பனிக்கட்டியாக உறையும். பனிக்கட்டி மீதமிருக்கும் காற்றையும் அடைக்கும். பிறகு ஏர்கோனை நிறுத்தும்போது அது மொத்தமாக உருகிக் கட்டிலின் மேல் சொட்டும். அறை குளிராமல் போவதோடு, கம்ப்ரசரும் தேவையில்லாமல் உழைக்கும். கடைகளில் சுருளாக விற்கும், ஏர்கோனில் ஒட்டுவதற்கான வெள்ளைத் தாள்களைப் பற்றியும் என் கருத்து இதுவே. தயாரிப்பாளரே அந்த மாதிரிக்கென்று தரும் சிறு பட்டைகளைப் பொருத்துவதில் தவறில்லை. அவற்றில் கழுவக்கூடியவை எவை, குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டியவை எவை என்பது கையேட்டில் இருக்கும். நாற்றத்தை உறிஞ்சும் கரிப்பட்டை ஒருமுறை நிறைந்துவிட்டால் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை, கழுவுவதற்குத்தான் இருக்கிறது. பெரும்பாலான கையேடுகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்கின்றன. இரவில் மட்டும் இயங்கும் அறைக்கு மாதம் ஒருமுறை போதும் என்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவுக்கு ஆஸ்துமா என்பதால், அவருடைய அறைக்கு இரண்டு வாரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். நம் வீடுகளுக்கென்று ஒரு கூடுதல் காரணமும் உண்டு. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகையும், தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியும் வலையில் படிந்து, உலர்ந்த தூசியைப் பிசுக்காக்கிவிடுகின்றன. பூஜை அறைக்கோ அடுப்படிக்கோ அருகில் இருக்கும் ஏர்கோனின் வலை வெறும் தண்ணீரில் சுத்தமாகாததற்குக் காரணம் இதுதான்.

இனிச் சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். இந்த வேலையில் உண்மையான ஆபத்து மின்சாரத்தில் இருப்பதைவிட ஏணியில்தான் அதிகம் என்பது என் எண்ணம். சுவர் ஏர்கோன் தலைக்கு மேலே, பல வீடுகளில் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கும். மெத்தையின் மேல் நாற்காலி போட்டு ஏறுவதும், மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் நின்று இரு கைகளையும் மேலே தூக்குவதும் கூடவே கூடாது. கட்டிலை நகர்த்திவிட்டு, கால்கள் விரிந்து நிற்கும் மடிப்பு ஏணியைத் தரையில் உறுதியாக வைத்து, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள ஏறுங்கள். ஏர்கோன் சன்னலை ஒட்டியிருந்தால், பன்னிரண்டாவது மாடியில் நீங்கள் ஏணியில் நிற்கும் வரை அந்தச் சன்னல் மூடியே இருக்க வேண்டும். வெளிப்புற யூனிட்டைச் சுத்தம் செய்ய விளிம்புத் திட்டில் இறங்குவதையோ, கம்பியைத் தாண்டிக் கையை நீட்டுவதையோ எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அது பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்யப் பழகியவரின் வேலை.

ரிமோட்டில் நிறுத்தியவுடனே மூடியைத் திறந்துவிட வேண்டாம். காற்று வெளிவரும் இடத்தில் உள்ள காற்றுத் தட்டு மூடிக்கொண்டு, உள்ளே விசிறி சுழலும் சத்தம் அடங்கிய பிறகு, ஏர்கோனுக்கென்று சுவரில் தனியாக இருக்கும் சுவிட்சையும் அணையுங்கள். அந்தச் சுவிட்சில் சிவப்பு விளக்கு இருந்தால் அது அணைந்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்பதில் ஐயமிருந்தால், வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியில் அதற்குரிய பிரேக்கரை இறக்கிவிடலாம். ரிமோட்டில் அணைப்பது ஏர்கோனை உறங்கவைப்பது மட்டுமே. உள்ளே 240 வோல்ட் அப்படியேதான் இருக்கும், வீட்டில் வேறொருவர் ரிமோட்டை அழுத்தினால் விசிறி உங்கள் விரலருகே சுழலத் தொடங்கிவிடும்.

அம்மாவை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, மெத்தையின் மேல் பழைய விரிப்பைப் போடுங்கள். நீங்களும் முகக்கவசம் அணிந்துகொள்வது நல்லது. என்95 வகை என்றால் மிக நல்லது. மூடியின் மேல்புறத்தில் படிந்திருக்கும் தூசியை முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதைத் துடைக்காமல் மூடியைத் தூக்கினால் எல்லாம் முகத்தில்தான் விழும். மூடியை இரு பக்கமும் பிடித்து, தானாக நிற்கும் நிலை வரை தூக்கி, வலையின் அடியில் இருக்கும் சிறு காதைச் சற்று மேலே தள்ளிப் பிறகு கீழ்நோக்கி இழுத்தால் வலை வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். எங்கோ ஒரு கொக்கி இன்னும் மாட்டியிருக்கிறது என்று பொருள். வலையை எடுத்த பிறகு தெரியும் அலுமினியத் தகடுகளின் விளிம்பு பிளேடு போன்றது. அதை விரலால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். விரலும் கிழியும், தகடும் மடங்கும்.

எடுத்த வலையைத் தட்டாமல், உதறாமல் குளியலறைக்குக் கொண்டுசெல்லுங்கள். பால்கனியில் அடித்துத் தூசி தட்டினால் கீழ்வீட்டார் காயப்போட்ட துணியில் அது போய்ச் சேரும்; ஒரு பங்கு உங்கள் மூக்குக்கும் திரும்பி வரும். வெற்றிட உறிஞ்சி இருந்தால் வலையில் தூசி படிந்த பக்கத்தை முதலில் உறிஞ்சி எடுக்கலாம். தண்ணீரை மட்டும் மறுபக்கத்திலிருந்து, அதாவது தூசி ஒட்டாத உட்புறத்திலிருந்து ஊற்ற வேண்டும். தூசிப் பக்கத்திலிருந்து பீய்ச்சினால் அது துளைகளுக்குள் இறுகி உட்கார்ந்துகொள்ளும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கொதிநீரும் வெயிலும் முடியுலர்த்தியின் வெப்பமும் பிளாஸ்டிக் சட்டத்தைக் கோணலாக்கும். கோணலான சட்டம் தன் காடியில் சரியாகப் பொருந்தாது. அந்த இடுக்கின் வழியாகத் தூசி நேரே காயிலுக்குப் போய்விடும். நிழலில் உலரவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் மூலைகளில் நீர் நிற்கும்; விசிறிக்கு எதிரே சாய்த்துவைத்தால் ஓரிரு மணி நேரத்தில் முழுமையாக உலர்ந்துவிடும். ஈர வலையைத் திரும்பப் பொருத்துவது பூஞ்சைக்கு நாமே விதை போடுவதாகும். வலை இல்லாமல் ஏர்கோனை, அரை மணி நேரத்துக்கு என்றாலும், இயக்காதீர்கள். பொருத்தும்போது சட்டம் காடியில் முழுவதும் இறங்கி, கொக்கிகள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூடியை அழுத்துங்கள். வலை கிழிந்திருந்தாலோ சட்டம் உடைந்திருந்தாலோ ஒட்டவைத்துப் பயன்படுத்த வேண்டாம்; உட்புற யூனிட்டில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைச் சொன்னால் உதிரிபாகக் கடைகளில் மாற்று வலை கிடைக்கும்.

குளோரக்ஸ் போன்ற வெளுப்பானை இந்த வேலையில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். அது அலுமினியத்தை அரிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதன் ஆவியே போதும் மூச்சுத் திணறுவதற்கு. அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்த்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிவரும். காயிலில் பீய்ச்சினால் போதும், கழுவத் தேவையில்லை என்று விளம்பரப்படுத்தப்படும் குப்பிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அந்த நுரை எங்கே போகிறது என்பதை நீங்கள் பார்க்க முடியாது. பல மாதிரிகளில் மின்பலகை வலது ஓரத்திலேயே இருக்கிறது. எஞ்சிய மருந்தும் நறுமணமும் அடுத்த சில நாள்களுக்கு அம்மா உறங்கும் அறையின் காற்றிலேயே கலந்திருக்கும்.

அடுத்து, கெமிக்கல் வாஷ் பற்றி. சர்வீஸ்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஏர்கோனைப் போட்டவுடன் புளித்த வாடை வருகிறது, காற்றுத் தட்டில் கரும்புள்ளிகள் தெரிகின்றன, கைவிளக்கை அடித்துப் பார்த்தால் உருளை விசிறியின் இதழ்களில் கருமை படிந்திருக்கிறது என்றால், வலையை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. அது காயிலிலும் விசிறியிலும் வளர்ந்த பூஞ்சை. ஆஸ்துமாவைத் தூண்டுவதில் வலையில் உள்ள தூசியைவிட இது மோசமானது. அப்போது கெமிக்கல் வாஷ் தேவைதான், சில நேரம் யூனிட்டைச் சுவரிலிருந்து கழற்றி முழுவதுமாகக் கழுவ வேண்டியும் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது தேவை என்பதை நான் ஏற்கவில்லை. அந்த மருந்து அமிலமாகவோ காரமாகவோ இருக்கும். சரியாக அலசாமல் விட்டால் அழுக்கைத் தின்றதுபோலத் தகட்டையும் தின்னும். வலையை ஒழுங்காகக் கழுவும் வீட்டில் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை சாதாரண சர்வீஸும், மேலே சொன்ன அறிகுறிகள் தென்படும்போது மட்டும் கெமிக்கல் வாஷும் போதும். அதைச் செய்யும் நாளில் மின்பலகையை மூடுகிறாரா, சுற்றிலும் பிளாஸ்டிக் பை கட்டுகிறாரா, வெளிவரும் தண்ணீர் தெளியும் வரை அலசுகிறாரா என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்ற சொல்லையும் நீங்கள் ஒரு நாள் கேட்பீர்கள். ஏர்கோன் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது; கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். அதைவிட முக்கியமானது, அழுக்கான வலையும் கேஸ் குறைவும் வெளியில் ஒரே மாதிரியான அறிகுறிகளையே காட்டும் என்பது. குளிர் குறையும், குழாயில் பனி படியும், பிறகு தண்ணீர் சொட்டும். ஆகவே கேஸுக்கு ரிங்கிட்டை எண்ணிக் கொடுக்கும் முன், வலையைக் கழுவிப் பொருத்தி, உறைந்த பனி முழுவதும் உருகிய பிறகு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். புதிய யூனிட்டுகளில் இருக்கும் ஆர்32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், குழாய் இணைப்பைத் தொடும் எந்த வேலையும் உங்களுடையது அன்று.

பனி இல்லாமலே தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஒரு ஹெச்பி யூனிட்டே மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்கக்கூடும். அது போகும் மெல்லிய குழாயில் வழுவழுப்பான பாசி வளரும். சொட்டத் தொடங்கினால் ஏர்கோனை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், வாளி வைத்துச் சமாளிக்க வேண்டாம். உறங்கப் போகும் முன்பு அன்றி, காலையில் நிறுத்தும் முன்பு அரை மணி நேரம் விசிறி நிலையில் மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து, பாசியும் பூஞ்சையும் தாமதமாகும். பல புதிய மாதிரிகள் இதைத் தாமாகவே செய்கின்றன.

அம்மாவின் மூச்சுக்கு என்ன செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. வலை அதற்கு விடையாகாது. சுவர் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறையின் காற்றையே சுழற்றுகிறது. புகைமூட்டக் காலத்தில் இது ஒரு வகையில் நல்லது: சன்னலை மூடிவிட்டு ஏர்கோனைப் போட்டால் அது வெளிப்புகையை உள்ளே கொண்டுவராது. ஆனால் இடுக்குகள் வழியே நுழைந்துவிட்ட நுண்துகளை அது அகற்றவும் செய்யாது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதும், 2019 செப்டம்பரில் பள்ளிகள் மூடப்பட்டதும் நமக்குப் புதிதல்ல. புகைமூட்டம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வரும். இந்தக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை என்று சுற்றுச்சூழல் துறை வகைப்படுத்துகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு 100க்குக் கீழேயே தொல்லை தொடங்கலாம்.

மெர்வ் 13க்குச் செலவிட நினைத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அம்மாவின் அறைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மைப்படுத்தி ஒன்றை வாங்குங்கள். தரமான ஹெப்பா, 0.3 மைக்ரோன் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். பெட்டியில், கருவி தரும் தூய காற்றின் அளவைக் குறிக்கும் சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள். அறையின் பரப்பு சதுர அடியில் எவ்வளவோ, அதில் மூன்றில் இரண்டு பங்காவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில் இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 80. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 136. ஓசோனை வெளிவிட்டுக் காற்றைத் தூய்மையாக்குவதாகச் சொல்லும் கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆஸ்துமா உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஏர்கோன் வலைக்கு நேர்மாறாக, ஹெப்பா வடிகட்டியைக் கழுவவே கூடாது. ஈரம் பட்டால் அதன் நுண்ணிழைகள் கெட்டுவிடும். முன்னால் இருக்கும் முன்வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்யலாம். தயாரிப்பாளர் சொல்லும் காலத்துக்குள், புகைமூட்டம் நீடித்த ஆண்டில் அதற்கு முன்பாகவே, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மாற்றுங்கள். பழையதைத் தட்டாமல் அந்த இடத்திலேயே பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாயைக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். புதியதைப் பொருத்தும் முன் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மறக்காதீர்கள். பலர் உறையோடு பொருத்திவிட்டு, கருவி வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

தூய்மைப்படுத்தி ஓடும்போது அதே அறையில் சாம்பிராணி போடுவதையும் கொசுவர்த்தி ஏற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். வெளிக்காற்று நன்றாக இருக்கும் நாள்களில் காலையில் சிறிது நேரம் சன்னலைத் திறந்துவையுங்கள். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, தூசிப்பூச்சியைக் குறைப்பதில் ஏர்கோனுக்குச் செய்யும் எதையும்விட அதிகப் பயன் தரும். இவ்வளவுக்குப் பிறகும் அந்த அறையில் மட்டும் அம்மாவுக்கு இரவில் இருமல் தொடர்ந்தால், உருளை விசிறியைக் கைவிளக்கில் பார்த்துக் கருமை இருந்தால் கெமிக்கல் வாஷுக்குச் சொல்லுங்கள். அழைக்கும்போதே எத்தனையாவது மாடி, எத்தனை ஹெச்பி, யூனிட்டில் எழுதியிருக்கும் கேஸ் வகை, வெளி யூனிட் எங்கே இருக்கிறது ஆகியவற்றைச் சொல்லி, கட்டணம் எதையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழுவும் நாள் முழுவதும் அம்மா அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொண்டு, சன்னலைத் திறந்து மருந்து வாடை முற்றிலும் நீங்கிய பிறகே அவரை அங்கே உறங்கவிடுங்கள்.